பழைய கணினியிலிருந்து புதியதற்கு: ‘மைக்ரேஷன்’ என்பதற்குக் கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பழைய கணினியை விட்டுப் புதியதற்கோ லினக்ஸ் இயங்குதளத்துக்கோ போகிறவர்களுக்கான உதவிப் பக்கத்தைத் தமிழாக்குகிறோம். ‘மைக்ரேஷன்’ வரிக்கு வரி வருகிறது. இடம்பெயர்வு, பரிமாற்றம், நகர்த்தல் என்று மூன்று சொற்கள் கைவசம் உள்ளன.

பரிமாற்றம் என்றால் கொடுக்கல் வாங்கல். இங்கே போக்கு ஒருவழி. நகர்த்தல் ஆபத்தானது. கோப்பு மேலாளரில் ‘நகர்த்து’ என்றால் பழைய இடத்தில் கோப்பு இருக்காது. புதிய கணினியில் எல்லாம் திறக்கிறது என்று உறுதியாகும்வரை பழையதில் ஒன்றும் அழியக்கூடாது. ஆகவே இடம்பெயர்வு என்றே முடித்துவிடலாமா?

———

> இடம்பெயர்வு என்றே முடித்துவிடலாமா?

வேண்டாம். ஈழத்தில் இந்தச் சொல்லைக் கேட்டால் போரில் ஊரைவிட்டு ஓடியவர்கள்தான் மனதில் வருவார்கள். உதவிப் பக்கத்தில் அதை வைக்க எனக்கு ஒப்பவில்லை.

இலக்கணமும் இடிக்கிறது. பெயர்வு தன்வினை. இங்கே கோப்பு தானாகப் போகவில்லை, பயனர் பெயர்க்கிறார். மொழிபெயர்ப்பு என்கிறோம், மொழிபெயர்வு என்பதில்லை. எனவே ‘இடப்பெயர்ப்பு’. இதைக் ‘கணினிப் பெயர்ப்பு’ என்று மாற்றிவிடாதீர்கள். அமைப்புகளில் ‘கணினிப் பெயர்’ வேறொன்றாக ஏற்கெனவே இருக்கிறது, பயனர் குழம்புவார்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய ஆவணங்களில் நிறைய, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் உள்ளவை. கோப்பை மட்டும் கொண்டுபோனால் புதிய கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்துருவையும் கொண்டுபோக வேண்டும், அல்லது ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற வேண்டும். பக்கத்தில் இதற்கு ஒரு வரி தேவை.

———

> எனவே ‘இடப்பெயர்ப்பு’.

கோப்புகளுக்குச் சரி. மென்பொருளுக்கும் இதையே வைத்தால் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையைப் பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோவார்கள். அது ஓடாது. பெரும்பாலான விண்டோஸ் மென்பொருள்களுக்கு ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளம்) பதிவுகளும் பொது நூலகக் கோப்புகளும் வேண்டும். அவை அந்த உறைக்கு வெளியே இருப்பவை. உரிமமும் பழைய கணினியோடு பிணைந்திருக்கலாம். அங்கே முதலில் விடுவித்தால்தான் இங்கே செல்லுபடியாகும். ஆகவே மென்பொருளுக்கு ‘மறுநிறுவல்’ என்று தனிச்சொல் கட்டாயம் வேண்டும். இடப்பெயர்ப்பு கோப்புகளுக்கும் அமைப்புகளுக்கும் மட்டும்.

அமைப்புகளிலும் எல்லாம் பெயராது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் கடவுச்சொற்கள் ‘லாகின்ஸ்.ஜேசன்’ கோப்பில் இருக்கும், அவற்றைத் திறக்கும் சாவி ‘கீ4.டிபி’யில். ஒன்றை விட்டு மற்றதை எடுத்தால் பயனில்லை. குரோமில் கோப்புறையை அப்படியே நகலெடுத்தாலும் கடவுச்சொற்கள் வராது. விண்டோஸ் அவற்றை அந்தப் பயனர் கணக்கோடு பிணைத்து மறையாக்கியிருக்கும். ஏற்றுமதி செய்து எடுப்பதே வழி. அந்த ஏற்றுமதிக் கோப்பில் எல்லாம் வெளிப்படையாக இருக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

பழைய வட்டைக் கழற்றிப் புதியதில் மாட்டி நகலெடுக்க நினைப்பவர்கள், அது பிட்லாக்கரால் (விண்டோஸின் வட்டு மறையாக்க வசதி) பூட்டப்பட்டிருக்கிறதா என்று கழற்றும் முன்பே பார்க்க வேண்டும். 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லையென்றால் வட்டு திறக்காது.

———

> இடப்பெயர்ப்பு கோப்புகளுக்கும் அமைப்புகளுக்கும் மட்டும்.

ஏற்கிறேன். பொத்தானில் மட்டும் ‘இடம்பெயர்’ என்று போடாதீர்கள். ஏவலில் தன்வினையும் பிறவினையும் ஒன்றாகிவிடுகின்றன. பயனரையே கிளம்பச் சொல்வதுபோல் இருக்கிறது. ‘கோப்புகளைக் கொண்டுவா’ போதும். புதிய கணினியில் நின்று அழுத்தும் பொத்தான், திசையும் தெளிவு.

தமிழ்க் கோப்புப் பெயர்கள் பற்றி இரண்டு குறிப்புகள் சேர்க்க வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறை) ஒரு பெயருக்கு 255 பைட்டுதான் இடம். யுடிஎஃப்-8 என்ற ஒருங்குறிச் சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. ‘கோப்பு’ என்பதே ஆறு குறியீடு (க, ோ, ப, ், ப, ு), 18 பைட்டு. ஆக 85 குறியீடுகளோடு நின்றுவிடும். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் 255 குறியீடுகள்வரை ஏற்கும் என்பதால், அங்கே நன்றாக இருந்த நீண்ட பெயர் இங்கே நகலெடுக்கும்போது பிழை தரும். முன்கூட்டியே சுருக்க வேண்டும்.

பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமையான ஹெச்எஃப்எஸ்+ ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ ஆகியவற்றின் உயிர்க்குறியை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸுக்கு வந்தபின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், பெயரைத் தட்டித் தேடினால் சிக்காது. கோப்புப் பெயர்களின் குறியாக்கத்தை மாற்றும் ‘கான்வ்எம்வி’ கருவியால் சேர்த்துவிடலாம். வெளிவட்டின் கோப்பு முறைமை ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னும் தீராதது ‘புரொஃபைல்’, அதாவது உலாவி பயனரின் தரவை வைத்திருக்கும் கோப்புறை. சுயவிவரம் என்று எழுதினால், தன் பெயரும் படமும்தானே என்று பயனர் அந்த உறையை விட்டுவிடுவார். அதில்தான் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் இருக்கின்றன. ‘பயனர் தொகுதி’ என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். வேறு முன்மொழிவு இருந்தால் இந்த இழையிலேயே தாருங்கள்.