கேம் கம்பெனி ஆள் வீட்டு வாசலில் நின்ற கதை: நம்ம ஊர்க்காரர்கள் யாருக்காவது நடந்திருக்கிறதா?

சிந்துபூந்துறை எழுதியது:

'மேஜிக்' என்ற சீட்டு விளையாட்டின் கார்டு விவகாரம் இங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஏப்ரலில், கடைக்கு வராத 'ஆஃப்டர்மாத்' கார்டுகளைப் பிரித்து யூடியூபில் காட்டிய அமெரிக்கர் வீட்டுக்கு அந்த விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி, பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களை அனுப்பியதே, அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ரசிகர்கள் எல்லாரும் கொதித்தார்கள், எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அதற்கு இரண்டு வருஷம் முன்பே எங்கள் வீட்டில் ஒருத்தர் காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

கேம் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். வெளியீட்டுத் தேதிக்கு எட்டு நாள் முன்னால் டிஸ்க் என் கையில். திருடவில்லை. ஜங்ஷன் பக்கம் பழக்கமான கடை, அண்ணாச்சிக்கு வந்த பார்சலில் அதுவும் கிடந்தது, அவர் தேதியெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை, "வந்துட்டுல்லா, எடுத்துட்டுப் போலே" என்று கொடுத்துவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாக 11 நிமிஷம் ஓட்டிச் சேனலில் போட்டேன். சேனலில் இருந்ததே 340 பேர். விடிவதற்குள் வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் சாயங்காலம் நான் வீடு திரும்பினால், வாசல்படியில் ஒருத்தர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஆச்சி, கையில் காலி டம்ளர். என்னைப் பார்த்ததும் "தம்பிதானா? ஆச்சி ரொம்ப நல்லா காபி போடுறாங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டின லேசை மறுபடி அவிழ்த்தார். அதுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவசரமே இல்லை அந்த மனுஷனுக்கு. ஒவ்வொரு ஷூவாகக் கழற்றி, உள்ளே மடங்கிக் கிடந்த நாக்கை விரலால் நேராக்கி, எங்கள் ரப்பர் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். மிரட்டவில்லை, குரல் உயரவில்லை. இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் ஒரு காகிதம், இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று. டிஸ்கையும் கேட்டார். அவர் பேனாவிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இதில் கூத்து என்னவென்றால், எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளையை விசாரிக்க ஆள் வந்திருக்கிறது என்று ஆச்சி நினைத்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம் கேட்டதற்கெல்லாம் பதில், கேட்காததற்கும் பதில். சம்பளம் இவ்வளவு, நட்சத்திரம் இது, பீடி சிகரெட் கிடையாது, ராத்திரி முழிச்சு விளையாடுவான் அது ஒண்ணுதான், அந்தத் தகடெல்லாம் ஜங்ஷன்ல இன்ன கடையில வாங்குவான், கடைக்காரர் நமக்கு வேண்டப்பட்டவர்தான். அடுத்த மாதத்திலிருந்து அண்ணாச்சிக்கு அந்தக் கம்பெனிச் சரக்கு நின்றுபோனது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. இப்போதும் ஜங்ஷன் போனால் நான் எதிர்ச்சாரியில்தான் நடக்கிறேன்.

மேலப்பாளையம் பாய் எழுதியது:

தம்பி, உங்களுக்காவது காகிதத்தோடு போனது. நான் 2008 வாக்கில் கேம் சென்டர் வைத்திருந்தேன், பழைய டிவி நாலு, பிஎஸ் டூ (பிளேஸ்டேஷன் 2) நாலு, நாலும் நகல் டிஸ்க் ஓடுவதற்காகச் சிப் அடித்தது, மணிக்கு 20 ரூபாய். நகல் டிஸ்கும் விற்போம். தப்புதான், இல்லை என்று சொல்ல வரவில்லை.

ஒருத்தர் வருவார். கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் துளி சந்தனம். முதல் தடவை ஒரு டிஸ்க், இரண்டாம் தடவை இரண்டு, பையனுக்கு என்பார். மூன்றாம் தடவை உட்கார்ந்து எங்கள் பையன்களோடு பந்து ஆட்டம் ஆடினார். 3-0 என்று தோற்றார். தோற்றதற்கு அவரே எழுந்துபோய் எல்லாருக்கும் நன்னாரி சர்பத் வாங்கிவந்தார், எனக்கும் ஒன்று. அடுத்த தடவை போலீஸோடு வந்தார். கம்பெனிக்காக நகல் பிடிக்கிற ஏஜென்சி ஆளாம்.

கேஸ் நடந்தது, கடை போனது, அதெல்லாம் ஆறிவிட்டது. ஒன்றுதான் ஆறவில்லை. அந்த மூன்று கோலையும் அவர் நிஜமாகவே வாங்கினாரா, வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாரா? மூன்றாவது கோலுக்கு அவர் சிரித்த சிரிப்பு நிஜச் சிரிப்பாகத்தான் இருந்தது.

வள்ளியூர் காற்று எழுதியது:

எனக்கு ஒரு தடவை போன் வந்தது, கட் பண்ணிவிட்டேன், என் கதை அவ்வளவுதான். ஆனால் சிந்துபூந்துறை செய்தது சுத்த முட்டாள்தனம் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, கோபப்படாதீர்கள். யார் என்று தெரியாத ஆள், அவர் பேனாவிலேயே கையெழுத்தா?

எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் துப்பறிவாளருக்கு உங்கள் படி ஏற எந்த அதிகாரமும் கிடையாது. நம் நாட்டில் அவர்களுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், அது சட்டமாகவே ஆகவில்லை. வாட்ச்மேன் அனுப்புகிற ஏஜென்சிக்கு 2005 சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், துப்பறிகிற ஆளுக்கு அதுகூட இல்லை, நாளைக்கு நானே போர்டு மாட்டலாம். நகல் சரக்கைப் பறிமுதல் செய்வது என்றால் 1957 பதிப்புரிமைச் சட்டம் 64ஆம் பிரிவுப்படி சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத போலீஸ் அதிகாரி வேண்டும், இல்லையென்றால் கோர்ட் அனுப்பிய கமிஷனர் வேண்டும், அவர் கையில் உத்தரவு இருக்கும், நகல் கேளுங்கள். இரண்டும் இல்லாமல் ஒருத்தர் டிஸ்கைக் கொடு என்றால் அது யாசகம், அவ்வளவுதான். கேட்கலாம், கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். இன்ன தேதிக்கு முன்னால் விற்கக் கூடாது என்பது கம்பெனிக்கும் கடைக்கும் உள்ள பேச்சு, காசு கொடுத்து வாங்கினவர் அதில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. வீடியோ போட்டது வேறு கணக்கு, அதைத்தான் அவர்களே தூக்கிவிட்டார்களே. வாசலில் நிற்க வையுங்கள், அடையாள அட்டையைப் போட்டோ எடுங்கள், காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்புங்கள். முக்கியமாகக் காபி கொடுக்காதீர்கள்.

சிந்துபூந்துறை எழுதியது:

சார், எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடிக்காமல் திரும்பியது கேஸ் சிலிண்டர் போடுகிறவர் மட்டும்தான், அவரும் மோர் குடித்துவிட்டுத்தான் போவார். ஆச்சியிடம் 64ஆம் பிரிவை நீங்கள் வந்து சொல்லுங்கள்.

தென்காசித் தூறல் எழுதியது:

எனக்கு வந்தது ஆள் இல்லை, மெயில். ஒரு கேமின் பீட்டா டெஸ்டில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில், எடுத்த ஒரே ஒரு படத்தை நண்பனுக்கு அனுப்பினேன், அவன் எங்கோ போட்டுவிட்டான். மெயிலில் அதே படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். மேகத்துக்குள் வெளிறின எழுத்தில் என் கணக்கு எண், வரிசை வரிசையாக. அந்த மேகத்தை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன், அழகாக இருக்கிறது என்றுதான் படமே எடுத்தேன். இப்போது எந்த கேமில் வானத்தைப் பார்த்தாலும் எண் தேடுகிறேன்.

அது கிடக்கட்டும். ரசிகர்கள் கொதித்தார்கள் என்று முதல் பதிவில் இருக்கிறதே, கொதித்து என்ன கண்டோம்? 2019இல் பார்டர்லேண்ட்ஸ் 3 கேம் வரப்போகிற நேரத்தில், அதை வெளியிடும் டேக்-டூ கம்பெனி ஒரு யூடியூபர் வீட்டுக்குத் துப்பறிவாளர்களை அனுப்பியது. கேம் ஆடுவதை நேரலையில் காட்டுகிற ட்விட்ச் தளத்தில் சோதனைக்கு வைத்திருந்த கணக்கின் சின்னப் படங்களைப் பார்த்து அவர் கேமைப் பற்றிச் சொல்லிவிட்டாராம். பத்து மாதம் விசாரித்தோம் என்று கம்பெனியே பெருமையாகச் சொன்னது. புறக்கணிப்போம் என்று ட்விட்டரே புகைந்தது. செப்டம்பர் 13 கேம் வந்தது, ஐந்தே நாளில் 50 லட்சம் பிரதிக்கு மேல் போனது. புறக்கணிப்பு என்று எழுதினவர்களில் பாதிப் பேர் முதல் நாளே வாங்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு, நானும் வாங்கினேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. டேக்-டூவின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமில் வில்லன்களாக வருகிறவர்களே பிங்கர்ட்டன்கள்தானே, எங்கள் பெயரை எப்படி வைக்கலாம் என்று அந்த நிஜக் கம்பெனி நோட்டீஸ் விட்டது. 2019 ஜனவரியில் டேக்-டூ கோர்ட்டுக்குப் போனது, ஏப்ரலில் பிங்கர்ட்டன் பின்வாங்க, வழக்கும் முடிந்தது. கதையில் துப்பறிவாளனை வில்லனாகக் காட்டுவது எங்கள் உரிமை என்று சண்டை போட்டவர்கள், மூன்று மாதம் கழித்து ஜூலையில் தாங்களே துப்பறிவாளரை ஒருத்தர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

மூணு ஷிப்ட் எழுதியது:

பிங்கர்ட்டன் என்றால் உங்களுக்கெல்லாம் கேம் வில்லன்தான் ஞாபகம் வருகிறது. 1850 வாக்கில் சிகாகோவில் ஆரம்பித்த கம்பெனி அது. 1892இல் ஹோம்ஸ்டெட் இரும்பாலை வேலைநிறுத்தத்தை உடைக்க 300 பேரைப் படகில் ஏற்றி ராத்திரியில் ஆற்று வழியாகக் கொண்டுவந்தார்கள், விடிந்ததும் துப்பாக்கிச் சண்டை, இரண்டு பக்கமும் செத்தார்கள். அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, பாக்கெட்டுக்கு ஐந்து கார்டு இருக்கிற ஒரு விளையாட்டுக்காக ஒரு குடும்பத்தின் கதவைத் தட்ட அனுப்புகிறான் என்றால் அவனுக்கு ஒன்று சரித்திரம் தெரியவில்லை, இல்லை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் தாத்தா மில் தொழிலாளி. ஸ்ட்ரைக் சமயம் டீக்கடை பெஞ்சில் ஒருத்தன் தினமும் பேப்பர் படிப்பானாம், பக்கத்தைத் திருப்பவே மாட்டானாம். தாத்தா ஒருநாள் போய் அவனுக்குப் பக்கத்தைத் திருப்பிவிட்டு வந்தார். சாகும்வரை சொல்லிச் சிரித்த கதை இது ஒன்றுதான்.

அம்பை பக்கம் எழுதியது:

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வாசலில் நின்ற பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு ஏஜென்சியில் இரண்டு வருஷம் வேலை. தொண்ணூறு சதவீதம் கல்யாண விசாரணைதான், பையன் குடிக்கிறானா, பெண்ணுக்குக் காதல் இருந்ததா. சிந்துபூந்துறை ஆச்சி நினைத்ததில் தப்பே இல்லை, நாங்களும் அந்தத் தோரணையில்தான் போவோம், கல்யாணம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், அவர்களாக நினைத்துக்கொண்டால் மறுக்க மாட்டோம். ஒரே ஒரு தடவை கேம் வேலை வந்தது. யாரோ ஏமாற்று மென்பொருள் விற்கிறார்கள், சுவருக்குப் பின்னால் இருக்கிற எதிரியைக் காட்டுகிற மாதிரி, பணம் போகிற எண் இந்த விலாசத்தில், போய் ஆள் யார் என்று மட்டும் பார். ஒரு விசிட்டுக்கு 800 ரூபாய், பெட்ரோல் தனி.

கதவைத் திறந்தது பள்ளிக்கூட யூனிபார்ம் போட்ட பையன். பத்தாவது இருக்கும். ஆற்றில் குளித்துவிட்டு வந்த ஈரத்தலை, சட்டைக் காலர் நனைந்திருந்தது. அப்பா இருக்காரா என்றேன். இல்லை என்றான். அந்தக் கணக்குப் பெயரைச் சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த இட்லியை மெல்வதை நிறுத்திவிட்டான், வாய் பாதி மூடியபடி அப்படியே நின்றான். உள்ளேயிருந்து அம்மா "யாருல அது?" என்றார்கள். "அட்ரஸ் கேக்காங்கம்மா" என்றான்.

விட்டுவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை, ரிப்போர்ட்டில் பள்ளிக்கூடப் பெயர் உட்பட எழுதினேன், சட்டைப் பையில் பேட்ஜ் இருந்தது. 800 வாங்கினேன். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று யாரும் எங்களிடம் சொல்வதில்லை, நானும் கேட்கவில்லை.

வள்ளியூர் காற்று எழுதியது:

மைனர் பையனைப் பெற்றோர் பக்கத்தில் இல்லாதபோது விசாரித்திருக்கிறீர்கள், அதையும் இங்கே வந்து பெருமையாக எழுதுகிறீர்கள்.

தென்காசித் தூறல் எழுதியது:

பெருமையாகவா எழுதியிருக்கிறார்? வள்ளியூர் சார், ஒருத்தர் மனசிலிருந்ததை இறக்கி வைக்கிறார், அதற்கும் பிரிவு எண் தேடாதீர்கள். அந்தப் பையனால் தோற்றுப்போன ஆயிரம் பேரில் நானும் ஒருத்தனாக இருக்கலாம், சுவருக்குப் பின்னால் நிற்கும்போது செத்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். ஆனாலும் கணக்கை முடக்கினால் போதாதா, வீட்டுக்கு எதற்கு ஆள்?

மேலப்பாளையம் பாய் எழுதியது:

அம்பை தம்பி, திட்ட வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். வேண்டுமென்றே தோற்கச் சொல்லிக் கொடுப்பார்களா?

அம்பை பக்கம் எழுதியது:

அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது பாய். ஆனால் சர்பத்துக்கு பில் எழுதினால் ஆபீஸில் காசு கொடுத்துவிடுவார்கள்.

சிந்துபூந்துறை எழுதியது:

அம்பை அண்ணே, நீங்கள் ஆச்சியைப் பற்றி எழுதினதால் சொல்கிறேன். அன்றைக்கு வந்தவர் யார் என்று நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு பிள்ளையும் ஆகிவிட்டது. போன வாரம்கூடப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, என் மனைவி காதில் விழுகிற மாதிரியே சொல்கிறாள்: "அந்த ஷூ போட்டுட்டு வந்தவங்க அப்புறம் ஒரு பதிலும் சொல்லலியே. காப்பியெல்லாம் நல்லாத்தானே குடிச்சாரு."