குழந்தைக்கு இரண்டு படி மர ஸ்டூல்: மாம்பலகையில் செய்யலாமா, அளவு என்ன?

கிணற்றடி (கேள்வி)

மூன்று வயதுக் குழந்தை வாஷ்பேசினில் தானே ஏறிக் கை கழுவ, இரண்டு படி வைத்த மர ஸ்டூல் செய்ய வேண்டும். குழந்தை உயரம் 95 செ.மீ. பேசின் விளிம்பு தரையிலிருந்து 80 செ.மீ. டைல்ஸ் தரை, தண்ணீர் சிந்தும் இடம்.

கைரம்பம், டிரில், இரண்டு உளி, மூலைமட்டம், சின்ன இழைப்புளி இருக்கின்றன. டேபிள் ரம்பமும் கிளாம்ப்பும் இல்லை. கடையில் 1 இன்ச் மாம்பலகை மலிவாகக் கிடைக்கிறது. பழைய தேக்கு வாசல்நிலை ஒன்றும் பிரித்து வைத்தது இருக்கிறது.

எந்த மரம் நல்லது? என்ன உயரம் வைக்க வேண்டும்? குழந்தை ஓரத்தில் மிதித்தால் கவிழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? பலகையின் வெட்டுமுனையில் ஸ்க்ரூ பிடிக்காது என்கிறார்களே, அதற்கு வழி என்ன?

ஆறுநூல்

சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் மரப்பலகையை விட்டுவிட்டு 18 மில்லி ப்ளைவுட் எடுங்கள். ஈரம் படும் இடம் என்பதால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரும் தாங்கும்) ரகம் வேண்டும். ப்ளை சுருங்காது, வளையாது. பக்கப்பலகையின் உள்பக்கம் நீளவாக்கில் ஒரு தாங்குகட்டையைப் பசை போட்டு ஒட்டி, கீழிருந்து படிக்கு ஸ்க்ரூ ஏற்றினால் போதும். ப்ளையின் ஓரத்தில் மட்டும் ஸ்க்ரூ அடிக்காதீர்கள், அடுக்கு பிரிந்துவிடும். வெட்டிய ஓரமெல்லாம் சிலாம்பு நிற்கும். 3 மில்லி மரப்பட்டி ஒட்டி இழைக்காமல் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது.

கொட்டாப்புளி

ப்ளைக்கு மேலே சொன்னது சரி. ஆனால் அதே நீளத் தாங்குகட்டையை மரப்பலகையில் ஒட்டினால் பலகை வெடிக்கும். காரணத்தைக் கீழே சொல்கிறேன். கேட்டவரிடம் உள்ள கருவிகளுக்கு மரப்பலகையே சௌகரியம். கைரம்பத்தில் ப்ளை அறுத்தால் ஓரம் பிய்ந்து வரும்.

முதலில் உயரம். குழந்தையை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். 95 செ.மீ. குழந்தைக்கு 55 செ.மீ. ஒட்டி வரும். பேசின் விளிம்பு முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். 80-இல் 55 போக 25. மேல்படி 25 செ.மீ., கீழ்ப்படி அதில் பாதி, 12.5. இரண்டு ஏற்றமும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் இறங்கும்போது கால் தடுமாறும்.

கவிழாமல் இருக்க: மேல்படி, பக்கப்பலகைக்கு வெளியே இடமும் வலமும் ஒரு நூல்கூட நீட்டக் கூடாது. பின்பக்கமும் அப்படியே. பேசினை எட்டும்போது குழந்தையின் பாரம் முழுக்கப் பின் ஓரத்தில்தான் இறங்கும். கால் ஊன்றும் இடத்துக்கு நேர் கீழே மரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஓரத்தில் மிதித்தாலும் தூக்காது. கீழ்ப்படிப் பக்கம் மட்டும் மேல்படி 15 மில்லி நீட்டலாம், அங்கே அடியில் ஸ்டூல் இன்னும் 18 செ.மீ. முன்னால் நிற்கிறது.

மரம்: 8 இன்ச் அகலம், 1 இன்ச் கனம், 8 அடி நீளத்தில் ஒரே பலகை போதும். கணக்குக்கு 0.44 கன அடி. கடையிலேயே இரண்டு முகமும் இழைத்து, ஒரு ஓரத்தை நேராக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறரை நூல், அதாவது 20 மில்லி நிற்கும். கீழே உள்ள அளவெல்லாம் மில்லிமீட்டரில், 20 மில்லி கனத்துக்கு:

பக்கப்பலகை, பின்துண்டு: 180 அகலம், 230 உயரம், 2
பக்கப்பலகை, முன்துண்டு: 180 அகலம், 105 உயரம், 2
மேல்படி: 360 நீளம், 195 அகலம், 1
கீழ்ப்படி: 360 நீளம், 180 அகலம், 1
நடுத்தடுப்பு: 320 நீளம், 130 அகலம், 1
குறுக்குச்சட்டம்: 320 நீளம், 60 அகலம், 2
மூலைக்கட்டை: 50 நீளம், 30 அகலம், 8

320 என்பது 360-இல் இரண்டு பலகைக் கனம் கழித்தது. உங்கள் பலகை 21 நின்றால் 318 வெட்டுங்கள். காகிதத்தில் உள்ள எண்ணை நம்பி வெட்டினால் சட்டம் உள்ளே போகாது, தட்டி ஏற்றினால் பக்கம் விரியும்.

இனி ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் திசை. பக்கப்பலகைகள் நாலிலும் ரேகை செங்குத்தாக நிற்க வேண்டும். படிகளிலும் சட்டங்களிலும் இடமிருந்து வலம் ஓட வேண்டும். மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில்தான் மழைக்காலத்தில் பெருத்துக் கோடையில் சுருங்கும். 18 செ.மீ. அகலத்தில் ஒன்றிரண்டு மில்லி வரும். சொன்னபடி வைத்தால் படியும் பக்கப்பலகையும் ஒரே திசையில், முன்பின்னாகச் சேர்ந்து அசையும். பக்கப்பலகையில் ரேகையைப் படுக்கவைத்தால் படி அசையும், பக்கம் அசையாது. ஒரு கோடையில் படியில் கீற்று விழும். நீளத் தாங்குகட்டையிலும் இதே சிக்கல்தான். கட்டையின் ரேகை முன்பின் ஓடுகிறது, அது சுருங்காது. ஒட்டிய பலகை சுருங்கப் பார்க்கும். அதனால்தான் 5 செ.மீ. துண்டுகளாக, படிக்கு நாலு நாலு மூலைக்கட்டை.

படி வடிவத்தை ஒரே பலகையில் வளைத்து அறுக்க வேண்டாம். பின்துண்டையும் முன்துண்டையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் எல் வடிவம் தானே வரும். ஒட்டும் ஓரங்களை இழைப்புளியால் நேராக்கி, சேர்த்து வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் இன்னும் இழைக்க வேண்டும். இணைப்புக்கு இரண்டு 8 மில்லி மரஆணி (உருண்டை மரக்குச்சி), 40 நீளம். ஓட்டை இரண்டு பக்கமும் 22 ஆழம். சரியாக 20 போட்டால் அடியில் தேங்கும் பசை ஆணியை உள்ளே போக விடாது.

கிளாம்ப் இல்லையென்றால் கயிறு. இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். மூலையில் கயிறு பதியாமல் அட்டை வையுங்கள். எல்லின் உள்மூலையில் ஒரு கழிவுக்கட்டையை வைத்துச் சதுரமாக்கிவிட்டுச் சுற்றினால் கயிறு நழுவாது. இறுகும்போது கோடு முழுக்கப் பசை முத்து முத்தாகப் பிதுங்க வேண்டும். ஒரு இடத்தில் பிதுங்கவில்லை என்றால் அங்கே பசை போகவில்லை, பிரித்துத் தடவுங்கள். பிதுங்கியதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கரைந்த பசை மரத்தின் நுண்துளையில் இறங்கிவிடும், பிறகு பாலிஷ் அங்கே ஏறாமல் திட்டாக வெளுத்து நிற்கும். அரை மணியில் ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சீவி எடுங்கள். பசை மரைன் ரகமாக இருக்கட்டும், சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். கயிற்றை இரவு முழுக்க அவிழ்க்க வேண்டாம்.

வெட்டுமுனையில் ஸ்க்ரூ பிடிக்காது என்பது உண்மை. மரை நார்களுக்கு நடுவே போகிறது, குறுக்கே கடிப்பதில்லை. இந்த அமைப்பில் பாரத்தை ஸ்க்ரூ தாங்கவில்லை. படி பக்கப்பலகையின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது, பாரம் நேரே தரைக்குப் போய்விடும். படியின் அடியும் பக்கப்பலகையின் உள்பக்கமும் சேரும் மூலையில் வரும் மூலைக்கட்டைகள் படி நழுவாமல் பிடிப்பதற்கு மட்டுமே.

சட்டங்களைப் படியின் அடியில் முதலிலேயே ஒட்டிவிடுங்கள். மேல்படிக்குப் பின்னால் ஒரு சட்டம், முன்னால் நடுத்தடுப்பு. கீழ்ப்படிக்கு முன்னால் ஒரு சட்டம். மூன்றிலும் ரேகை படியோடு ஒரே திசை, அதனால் தாராளமாகப் பசை போடலாம். ஒட்டியபின் படி தானே ஒரு உத்திரம் மாதிரி விறைத்துவிடும், பெரியவர் ஏறினாலும் வளையாது. ஸ்டூல் இடவலமாக ஆடுவதையும் தடுப்பவை இவைதான். சட்டம் இல்லாத ஸ்டூல் எவ்வளவு ஸ்க்ரூ போட்டாலும் ஆறே மாதத்தில் ஆடும்.

பிறகு பக்கங்களை நிறுத்தி, மேல்படியை அமர்த்துங்கள். நடுத்தடுப்பின் முன்முகம் பின்துண்டின் முன் ஓரத்தோடு சமமாக வரும், அதன் அடி கீழ்ப்படியின் மேல்மட்டத்துக்கு 25 மில்லி கீழே இறங்கி நிற்கும். கீழ்ப்படியை முன்னாலிருந்து இதில் முட்டவைத்து, பின்பக்கமிருந்து மூன்று ஸ்க்ரூ கொடுங்கள். இரண்டு படிக்கும் நடுவே சந்தும் இருக்காது, ஏறும்போது கால் உள்ளே போகாது.

மூலைக்கட்டைக்கு 8 நம்பர் 32 மில்லி ஸ்க்ரூ 16. நடுத்தடுப்புக்கும் சட்டமுனைகளுக்கும் 50 மில்லி 15. எல்லாம் ஸ்டெயின்லெஸ். இரும்பு துருப்பிடித்துச் சுற்றிலும் மரத்தைக் கறுக்க வைக்கும். மூலைக்கட்டையில் 38 வாங்கிவிடாதீர்கள். கட்டையும் படியும் சேர்ந்தே 40தான், தலையைப் புதைத்தால் நுனி குழந்தை மிதிக்கும் பக்கம் எட்டிப் பார்க்கும். முதல் துண்டில் 4.5 மில்லி, அடுத்ததில் 3 மில்லி ஓட்டை போட்டுவிட்டு ஏற்றுங்கள். ஓட்டையில்லாமல் முடுக்கினால் ஓரத்தில் பிளக்கும்.

கிணற்றடி

ரேகைத் திசை இப்போதுதான் புரிகிறது, மிக்க நன்றி. மாம்பலகை கடையில் தொட்டால் குளிர்ச்சியாக, கனமாக இருக்கிறது. காயவில்லை என்று அர்த்தமா? தூக்குவதற்கு மேல்படியில் கைப்பிடி ஓட்டை போடலாமா? மேலே என்ன பூசுவது? தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார்கள்.

வெளிறுவைரம்

குளிர்ச்சியும் கனமும் பச்சை மரத்தின் அடையாளம்தான். அதில் இப்போது செய்தால் ஒட்டிய இடமெல்லாம் பிரியும். பலகையை வாங்கி, இரண்டு வெட்டுமுனையிலும் பெயின்ட்டோ பசையோ தடவி, நடுவில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து நிழலில் அடுக்குங்கள். வாரம் ஒரு தரம் எடை போடுங்கள். மூன்று வாரம் ஒரே எடை நின்றால் காய்ந்துவிட்டது. 1 இன்ச் பலகைக்குப் பல மாதம் ஆகும். காத்திருக்க முடியாதென்றால் சூளையில் பதப்படுத்திய ரப்பர் மரம் வாங்குங்கள், மருந்து ஏற்றியதுதானா என்று கேட்டு. மருந்தேறாத ரப்பர் மரமும் மாமரமும் உளுத்துப்போகும்; ஊசிமுனை ஓட்டையும் அடியில் மாவு மாதிரித் தூளும் தெரிந்தால் அந்தப் பலகையைத் தொடாதீர்கள்.

உங்களிடம் உள்ள தேக்குதான் எல்லாவற்றிலும் மேல். பல வருஷம் காய்ந்தது, ஈரத்துக்கு அஞ்சாது. வெளிறு (வெளுத்த வெளிப்பகுதி) இருந்தால் ஒதுக்கிவிட்டு வைரத்தை (கறுத்த உள்பகுதி) மட்டும் எடுங்கள். நிலைச்சட்டம் 3 அல்லது 4 இன்ச்தான் அகலம் இருக்கும், எனவே அறுத்த துண்டுகளை இரண்டு மூன்றாக ஓரம் சேர்த்து ஒட்ட வேண்டும். மில்லுக்குக் கொண்டுபோகும் முன் ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நாலு பக்கமும் ஓட்டிப் பாருங்கள், உள்ளே முறிந்த ஆணி இருந்தால் ரம்பப் பல் போய்விடும். பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் குழந்தைக்கு விஷம். நாலு முகத்திலும் பூச்சுள்ள மேல்தோலை மில்லிலேயே பட்டையாக அறுத்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கைப்பிடி ஓட்டை போடலாம், ஆனால் 100 மில்லி நீளம், 30 மில்லி அகலம், ரேகை ஓடும் திசையில். விரல் போய் மாட்டிக்கொள்ளும் அளவு சந்து எங்கேயும் வேண்டாம்: ஒன்று 5 மில்லிக்குக் குறைவு, இல்லை 25-க்கு மேல்.

தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காயாது. பிசுபிசுத்து அழுக்கேறி, பிறகு சிக்கு வாடை அடிக்கும். ஈரக்கால் படுவதால் தண்ணீரில் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) மேட் ரகம் மூன்று கோட் அடியுங்கள். பளபளக்கும் ரகம் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். மரத்தை 80, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, படியின் மேல்முகத்தை 150-உடன் நிறுத்துங்கள், அதற்குமேல் மழமழவென்று ஆக்க வேண்டாம். எல்லா ஓரத்தையும் 4 மில்லி உருட்டிவிடுங்கள். பூச்சு கைக்குக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் முழுக்க இறுக இரண்டு வாரம் விட்டுக் கொடுங்கள். வெட்டுமுனைகள், முக்கியமாகக் கால் அடி, தண்ணீரை உறிஞ்சும். அங்கே ஐந்து கோட்.

ஆளிவிதை எண்ணெய் பூசுவதானால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

கொட்டாப்புளி

ஒன்று விட்டுப்போயிற்று. பக்கப்பலகையின் அடியில், இரு முனையிலும் 60 மில்லி விட்டு, நடுவை 15 மில்லி உயரத்துக்குக் குடைந்துவிடுங்கள். நாலு மூலை மட்டும் தரையைத் தொட்டால்தான் மேடுபள்ளத்தில் ஆடாது. குடைவதை எல் ஒட்டிக் காய்ந்தபின் செய்யுங்கள்.

பூச்சுக்கு முன் சமையலறை கிரானைட் மேடையில் ஸ்டூலை நிறுத்தி, ஒவ்வொரு காலடியிலும் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். எதிரெதிர் மூலை இரண்டில் காகிதம் இறுகி, மற்ற இரண்டில் ஒன்று சுலபமாக வந்தால், இறுகிய இரண்டும் நீளம். மேடையில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி அந்தக் கால்களை நாலைந்து தரம் தேய்த்து மறுபடி பாருங்கள். நாலும் ஒரே மாதிரி பிடிக்கும்வரை விடாதீர்கள். பூச்சு இறுகியபின் நாலு காலுக்கும் ரப்பர் புஷ், நடுவில் ஸ்க்ரூ தலை ரப்பருக்குள் 3 மில்லி புதைந்து இருக்க வேண்டும். ஒட்டுகிற ரப்பர் ஈரத்தில் கழன்றுவிடும்.

குழந்தை ஏறுமுன் நீங்கள் ஒரு காலை மேல்படியின் ஒவ்வொரு மூலையிலும் வைத்து முழு எடையையும் கொடுத்துப் பாருங்கள். முனகல் கேட்டால் அந்தப் பக்கத்து மூலைக்கட்டை ஸ்க்ரூவைப் பாருங்கள். இதே ஸ்டூலை அடுப்பு மேடைப் பக்கம் மட்டும் போட விடாதீர்கள். அங்கே நிற்க நாலு பக்கமும் கைப்பிடிக் கம்பி உள்ள தனி அமைப்பு வேண்டும்.