குமுளி மலைக் காசித்தும்பை, பழைய ஹெர்பேரியம் ஷீட் (செடிய அழுத்திக் காய வச்சு பேப்பர்ல ஒட்டி வச்சிருக்கறது) எங்க பாக்கலாம்?

கம்பத்துல இருந்து குமுளி ஏறுற ரோட்டோரம் ஈரப்பாறையில ரோஸ் கலர் காட்டுக் காசித்தும்பை பூத்திருக்கு, இதே செடிய முன்னாடி யாராச்சும் சேகரிச்சு வச்சிருக்காங்களான்னு எப்படிங்க தேடுறது?

பதில் 1: கோயம்புத்தூர் வேளாண் பல்கலை வளாகத்துல இருக்குற மெட்ராஸ் ஹெர்பேரியத்துல கேளுங்க, 1853ல சென்னையில ஆரம்பிச்சது. ஆனா குமுளி இப்ப இருக்குற கேரளா மாவட்டம் இடுக்கின்னு, அந்தப் பேர்ல மட்டும் தேடிட்டு இல்லேன்னு விட்றாதீங்க, அந்த மாவட்டமே 1972ல தான் வந்துச்சு. பழைய லேபிள்ல திருவிதாங்கூர்னு தான் இருக்கும், நம்ம பக்கம்னா மதுரை.

பதில் 2: கிடைச்சாலும் பூவ வச்சு ஒப்பிடுறது கஷ்டம் பாஸ். காசித்தும்பைப் பூ அவ்ளோ மெலிசு, அழுத்துனா பேப்பரோட ஒட்டிக்கும், கலரும் போயிடும், பின்னாடி வால் மாதிரி நீட்டிட்டு இருக்குமே அதுவும் நசுங்கிடும். இப்பவே பக்கவாட்டுல க்ளோசப் எடுத்துடுங்க.

பதில் 3: போட்டோ போதும், பறிக்காதீங்க. ரிசர்வ் காடுன்னா பர்மிஷன் வேணும்.