மிச்ச மால்ட்டும் ஹாப்ஸும்: நம் பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வீட்டிலேயே பீர் வடித்துப் பழகியவன் நான். அங்கே 2004 முதல் அதற்குத் தடையில்லை. வீட்டுக்கு மாதம் 30 லிட்டர், விற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஊரோடு வந்து சேர்ந்த பிறகு அந்தச் சாமான்களைப் பரணில் ஏற்றிவிட்டேன். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இங்கே இன்னும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு செம்பு வடித்தாலும் குற்றம்தான்.

சும்மா இருந்தவனை அக்காள் மகன் சீண்டிவிட்டான். பெங்களூருவில் பீர் வடித்து விற்கும் உணவகம் ஒன்றில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவனின் பையில் துணி குறைவு, தானியம் அதிகம். மூட்டையின் அடியில் தங்கியது, உடைத்த பொட்டலத்தில் எஞ்சியது என்று எல்லாவற்றையும் வழித்துக் கொண்டுவந்திருந்தான். முக்கால் கிலோவுக்குக் குறையாத வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம், இங்கே பார்லி), இரண்டு கை கேரமல் மால்ட், கொஞ்சம் ஓட்ஸ், கறுக்க வறுத்த பார்லி ஒரு பிடி, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் காய்ந்த பூவான ஹாப்ஸ், வாய் பிரித்த பொட்டலங்கள் இரண்டு. "குப்பையில் போட மனம் வரவில்லை மாமா" என்றான். உடைந்த அப்பளத்தையும் டப்பாவில் போட்டு வைக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வராதுதான்.

காய்ச்சலாம், புளிக்கவைக்கும் ஈஸ்ட் மட்டும் போடக் கூடாது என்று முடிவெடுத்தோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். மரமும் பாளையும் ஒன்றேதான். பீரும் ஈஸ்ட் விழும்வரை வெறும் தானியச் சாறு. ஜெர்மனியிலும் கரீபியத் தீவுகளிலும் இந்த மாதிரி மால்ட் பானத்தைப் புட்டியில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் எப்போதோ வாங்கிய பெரிய மங்கு (எனாமல்) பாத்திரத்தை எடுத்தோம். வீட்டில் பித்தளை அண்டாவுக்குக் குறைவில்லை. ஆனால் மால்ட் சாற்றில் இலேசான புளிப்பு உண்டு. ஈயம் தேய்ந்த பித்தளையில் அதை மணிக்கணக்கில் கொதிக்க வைப்பதற்கில்லை. மங்கிலும் உள்பக்கம் சில்லுப் பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

எல்லாம் சேர்த்து ஒரு கிலோ தானியத்துக்கு ஏழு லிட்டர் தண்ணீர். மிக்ஸியில் போட்டு மாவாக்கிவிடாதீர்கள். உமி கிழியாமல் உள்ளிருப்பது மட்டும் நாலைந்தாக உடைய வேண்டும். திருகையை மெதுவாகச் சுற்றினால் பதம் சரியாக வருகிறது. பழைய மல் வேட்டியில் தளர்வாகக் கட்டி, 73 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் மூட்டையை இறக்கினோம். சூடு 70க்கு வந்து நின்றது. பீருக்கென்றால் 65, 66 போதும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை நிறைய இறங்கும். இங்கே தின்ன ஆளில்லை. 70இல் வைத்தால் இனிப்பு மட்டுப்பட்டு நாக்கில் கனம் கூடுகிறது. ஒரு மணி நேரம் மூடி வைத்தபின் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு அயோடின் வைத்தோம். கருநீலம் தட்டவில்லை. மாவுச்சத்து முழுதும் உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

மூட்டையைத் தூக்கி வடியவிட்டுச் சாற்றைக் கொதிக்க வைத்தால், முதல் ஐந்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. பழுப்பு நுரை விளிம்புவரை ஏறும். அது அடங்கியதும் சாற்றுக்குள் திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் பிரிந்து ஓடும். தானியத்தின் புரதம் அது. நல்ல அறிகுறி, அடியில் படிந்துவிடும். ஹாப்ஸ் பொட்டலங்களை முகர்ந்து பார்த்தோம். ஒன்றில் ஆரஞ்சுத் தோலும் புல்லும் கலந்த வாசனை. மற்றது பழைய சீஸ் வாடை அடித்தது. காற்றுப் பட்டுக் கெட்ட ஹாப்ஸ் அப்படித்தான் நாறும், தூக்கி எறிந்தோம். நல்லதில் ஐந்து கிராமைக் கடைசி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டோம், கசப்புக்காக. அடுப்பை அணைத்தபின் இன்னொரு ஐந்து கிராம், மணத்துக்காக. முதலிலேயே எல்லாவற்றையும் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

இரண்டு லிட்டராக வற்றியதை வடிகட்டி, ஆற்றி, ஃப்ரிட்ஜில் வைத்தோம். குடிக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கோலி சோடா. நுரை அழகாகக் கட்டியது. எண்பதைத் தாண்டிய அப்பத்தா ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இதற்கா பகல் முழுதும் கேஸ் எரித்தீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார்கள்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணன் சக்கையை என்ன செய்தார் என்று சொல்லவில்லை. நான் மாடு வைத்திருக்கிறவன், என் கவலை எனக்கு. நண்பர் ஒருவர் இதேபோல் சாறு வடித்துவிட்டு வாளி நிறையச் சக்கை கொண்டுவந்தார். தவிட்டோடு பிசைந்து வைத்தேன். பசு வாளியை நக்கி முடித்துவிட்டுத் தலையால் முட்டி உருட்டியது. சர்க்கரை சாற்றோடு போய்விட்டாலும் புரதமும் நாரும் சக்கையில்தான் தங்குகின்றன. ஆனால் ஆறியவுடன் கொடுத்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் காலையில் வடித்தது மறுநாளைக்குள் புளித்துவிடும்.

ஹாப்ஸ் வண்டலை மட்டும் தீவனத்திலும் கலக்காதீர்கள், கொல்லையிலும் கொட்டாதீர்கள். நாய் தின்றால் உடல் சூடு தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அதே நண்பர் அடுத்த முறை மளிகைக் கடைப் பார்லியை வாங்கி முளைகட்டப் பார்த்தார். உமியோடு முளைக்கருவும் சீவப்பட்ட பார்லி எங்கே முளைக்கும்? நாறியதுதான் மிச்சம். சொல்லியும் கேட்கவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:

வாசித்துச் சிரித்தேன் தம்பி. மால்ட் பெங்களூரிலிருந்து வந்து இறங்க வேண்டுமா? நம் வீட்டுப் பிள்ளைகள் பல் முளைக்கும் முன்பே குடித்து வளர்ந்ததுதானே அது.

கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் இறுகக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டாம் நாள் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். வளவு முற்றத்தில் பாய் விரித்து உலர்த்தி, உள்ளங்கையால் தேய்த்து, முறத்தில் புடைத்தால் வேர் உதிர்ந்துவிடும். இதை வறுக்கக் கூடாது. வறுத்தால் மணம் வரும், வேலை நடக்காது. சந்தேகமிருந்தால் இப்படிப் பாருங்கள்: கரண்டி நிற்கும்படி கெட்டியாகக் கூழ் கிண்டி, கொதி அடங்கிய பிறகு ஒரு கரண்டி முளைமாவைத் தூவிக் கிளறுங்கள். கண்ணெதிரிலேயே கூழ் தளர்ந்து கஞ்சியாக ஓடும். மாவுச்சத்தை உடைப்பது அமைலேஸ் என்று பேரன் சொல்கிறான். கைக்குழந்தைக்கு முளைமாவுக் கஞ்சி கொடுப்பதன் சூட்சுமமும் அதுதான். நீர்த்திருந்தாலும் உள்ளே தானியம் நிறைய இருக்கும்.

உங்கள் பக்குவத்தைக் கேழ்வரகில் செய்து பார்த்துவிட்டேன். மாவைக் கூழாக்கி, தம்பி சொன்ன 70க்கு ஆறவிட்டு, முளைமாவைக் கலந்து ஒரு மணி நேரம் கம்பளியால் போர்த்தி வைத்தேன். சாறு தித்தித்தது. வடிகட்டுவதுதான் பெரும்பாடு. பார்லிக்கு உமி இருக்கிறது, அதுவே சல்லடையாகிவிடும். கேழ்வரகு துணியை அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. ஹாப்ஸுக்குப் பதில், சித்திரையில் பொறுக்கிக் காயவைத்த வேப்பம்பூ. அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு சிட்டிகை, அதற்குமேல் வேண்டாம். பன்னீர் சோடா ஊற்றாதீர்கள், எல்லா ருசியையும் பன்னீரே விழுங்கிவிடும்.

கண்டனூர்க்காரன், இப்போது லண்டனில்:

நான் ஈஸ்ட் போடுகிற கட்சி. இந்த நாட்டில் 1963 முதல் வீட்டில் வடிக்க உரிமம் வேண்டாம், விற்காமல் இருந்தால் போதும். மிச்சங்களைத் தீர்ப்பதற்காகவே நாலரை லிட்டர் கண்ணாடிக் குடுவை ஒன்று வைத்திருக்கிறேன். தானியத்தில் பாதிக்குமேல் வெளிர் மால்ட் இருந்தாக வேண்டும். கேரமல், வறுத்த மால்ட் வகைகளுக்குத் தாமாக மாவுச்சத்தை உடைக்கும் திராணி கிடையாது. கறுப்பு மால்ட் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கருகல்தான் முன்னால் நிற்கும். மற்றபடி எதை எதோடு சேர்த்தாலும் குடிக்கும்படி ஏதோ ஒன்று வருகிறது. 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம் நொதிக்கவிட்டு, புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை. நொதித்து முடியுமுன் அவசரப்பட்டு அடைத்தால் புட்டி வெடிக்கும்.

கோடையில் அப்பச்சி வந்திருந்தார்கள். குடுவையின் மூடியில் கொப்புளம் எழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பீரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "மிச்சத்துக்குப் பேரேடு எழுதுகிறாயா?" என்றார்கள். மறுநாளே நோட்டு வாங்கிக் கொடுத்துப் பக்கம் பிரித்துத் தந்தார்கள்: எந்த மால்ட், எவ்வளவு வரவு, எவ்வளவு பற்று, கையிருப்பு. மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அரைக் கிலோ கோதுமை மால்ட்டைத் தீர்க்க இரண்டு கிலோ வெளிர் மால்ட் வாங்கியிருக்கிறேன். அதில் மீந்ததைத் தீர்க்க ஹாப்ஸ். ஹாப்ஸைத் தீர்க்க மறுபடி மால்ட். "வட்டிக்கு வட்டி" என்று அப்பச்சி நோட்டை மூடினார்கள்.

காரைக்குடி வெயிலில் நொதிக்கவைப்பது, சட்டம் விட்டாலும் எளிதல்ல. 35 டிகிரியில் சாதாரண பீர் ஈஸ்ட் காரமான ஆல்கஹாலைக் கக்கும். நார்வே பண்ணை வீடுகளின் குவைக் ஈஸ்ட் அந்தச் சூட்டைத் தாங்கும்.

காரைக்குடியிலிருந்து மறுபடியும்:

சக்கையை எதிர்வீட்டு மாட்டுக்குத்தான் கொடுத்தோம் தம்பி. வளவில் நாய் இல்லை, இருந்தாலும் வண்டலை இனி ஆழமாகப் புதைக்கிறேன்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: சாற்றை வெளியே வைக்காதீர்கள். காற்றிலிருக்கும் ஈஸ்ட் அழைக்காமலே வந்து வேலையைத் தொடங்கிவிடும். பிறகு அது நாம் சொல்லிக்கொண்டிருக்கும் பானமல்ல, மூடிய புட்டியும் தாங்காது. ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். அதற்குமேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். ஒரு கட்டியை டம்ளரில் போட்டுச் சோடா ஊற்றினால் போதும். மீந்த ஹாப்ஸையும் காற்றில்லாமல் இறுகக் கட்டி ஃப்ரீசரில் வைக்கலாம்.

ஆச்சி, கேழ்வரகு ஊறப் போட்டாயிற்று. வடிகட்டும்போது அடைக்காமலிருக்க, பெங்களூர்ப் பையன் அடுத்த முறை பார்லி உமி கொண்டுவருவதாகச் சொல்கிறான். அதுவரை நெல் உமியைக் கழுவிக் கொதிக்கவைத்துக் கலந்து பார்க்கலாமா?