புதுப்பிப்பு: வியாசர்பாடி வீட்டு கிச்சன் மேடை போட்டாச்சு

குறைந்த செலவில் மேடைக்குக் கடப்பாவா, கிரானைட்டா என்று முன்பு கேட்டிருந்தேன். கிரானைட்டே போட்டுவிட்டோம். கடப்பா ஒரு சுண்ணாம்புக்கல், புளியும் எலுமிச்சையும் பட்டால் பளபளப்பு போய்விடும் என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அம்மா தினமும் புளி கரைக்கும் இடம் அது.

மாதவரம் பக்கம் ஒரு கிடங்கில், பெரிய ஆர்டரில் மிஞ்சிய கறுப்புக் கட் பீஸ் கிடைத்தது. இரண்டடி அகலம், 18 மி.மீ. கனம். எங்கள் சின்ன கிச்சனுக்கு முழு ஸ்லாப் வாங்கியிருந்தால் பாதி வீண்.

சதுர அடி விலையை மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். விளிம்பு பாலிஷ், சிங்க் கட்டிங், ஏற்றுகூலி எல்லாமே தனி. சிங்க்குக்கு வெட்டியபின் முன்பக்கம் கல் குறுகிவிடும், விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே தூக்கச் சொல்லுங்கள். சுவரோரம் இடைவெளியை அடைக்க சிலிகோன் பசை அடிப்பது மட்டும் பாக்கி.