புதுப்பிப்பு: 4294967297 முதன்மை எண்ணா? இல்லை, 641 ஆல் பிரிபடும்

போன கிழமை மகளுக்காக இங்கே கேட்டிருந்தேன்: 2^32 + 1, அதாவது 4294967297, முதன்மை எண்ணா (பகா எண்ணா)? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இந்த எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 65536; அதுவரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் பிரித்துப் பார்க்கும் யோசனை சரிதான், ஆனால் அவை 6542 இருக்கின்றன. ஆளை விடுங்கோ! கைகொடுத்தது கணிதவியலாளர் ஒயிலரின் வழி: இதன் முதன்மைக் காரணி எதுவும் 64 இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் முதலில் வருபவை 193, 257, 449, 577, 641.

திருகோணமலையில் அன்றிரவு கரண்ட் இல்லை. மேசையில் மெழுகுதிரி, மகளின் கொப்பி, என் பழைய கல்குலேற்றர். 193 க்கு மீதி 109, 257 க்கு மீதி 2. 449 ஐப் பிரிக்கையில் நான் ஒரு 9 ஐ விட்டுவிட, மகள் "அப்பா, இலக்கத்தை எண்ணுங்கோ" என்றாள். ஐந்தாவதாக 641 மீதியின்றிப் பிரித்தது: 641 × 6700417.

எதிர்பாராதது, கல்குலேற்றரே தேவைப்பட்டிருக்காது. 641 = 5 × 2^7 + 1; அதுவே 5^4 + 2^4. முதலாவதன்படி 5 × 2^7 ஐ 641 ஆல் பிரித்தால் மீதி −1 எனலாம்; அதன் நான்காம் அடுக்கான 5^4 × 2^28 க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5^4 க்குப் பதில் −2^4 போடலாம். ஆக −2^32 இன் மீதியும் 1, அதாவது 2^32 + 1 மீதியின்றிப் பிரிபடும்.

2^1 + 1, 2^2 + 1, 2^4 + 1, 2^8 + 1 என்று அடுக்கு இரட்டித்துக்கொண்டே போகும் இந்த வகை எண்கள் எல்லாம் முதன்மை என்று நினைத்தவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா. 1732 இல் ஒயிலர் இதே 641 ஐக் காட்டித்தான் அதை உடைத்தார். மகள் இப்போது 2^64 + 1 ஐக் கேட்கிறாள்.