பழைய ஹார்ட் டிஸ்கைத் திறந்த அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயா, ஓய்வுபெற்ற பிறகு வருடக்கணக்கில் தொழில்வழக்குச் சொற்களைச் சேர்த்தவர். தறி, வலை, சக்கரம், உலை என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டரிலேயே தட்டி வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போனதும் டிஸ்கை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். போன மாதம் என்னிடம் கொடுத்து, "இதுலேர்ந்து ஏதாவது வருமான்னு பாரும்மா" என்றார். வேறு பிரதி எங்கும் கிடையாது.

20 ஜிபி, மூன்றரை அங்குல ஐடிஇ (டிஸ்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பழைய முறை) டிஸ்க். பின்பக்கம் 40 பின் வரிசை, பக்கத்தில் மஞ்சள், சிவப்பு, இரண்டு கறுப்பு ஒயர் வரும் நாலு பின் பவர் சாக்கெட். 2003 வாக்கில் சாட்டா என்ற புதிய இணைப்பு வந்த பிறகு இந்த 40 பின் இணைப்பு மெல்ல மறைந்துவிட்டது. இன்றைய லேப்டாப்பில் கேட்கவே வேண்டாம். அதனால் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கினேன். தனிப் பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். மூன்றரை அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும், 5 வோல்ட்டும் வேண்டும். சாதாரண யுஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட் மட்டுமே.

மாட்டினேன். டிஸ்க் சுழலும் சத்தம் நன்றாகவே வந்தது, கம்ப்யூட்டரில்தான் எதுவும் தெரியவில்லை. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், ஒரு மணி நேரம் போச்சு. கடைசியில் டிஸ்கைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தால், பவர் சாக்கெட்டுக்கும் 40 பின்னுக்கும் நடுவில் ஒரு ஜம்பர். உளுந்து அளவுக்கு இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு, உள்ளே ஒரு தகடு. ஐயாவின் கம்ப்யூட்டரில் இது இரண்டாவது டிஸ்காக இருந்திருக்கிறது, அதனால் ஜம்பர் 'ஸ்லேவ்' இடத்தில் இருந்தது. இப்படிப்பட்ட அடாப்டர்களில் பெரும்பாலானவை டிஸ்க் 'மாஸ்டர்' (முதல் டிஸ்க்) ஆக இருக்கும் என்றே எதிர்பார்க்கின்றன. டிஸ்க் மேலே ஒட்டியிருக்கும் லேபிளிலேயே எந்த இடத்தில் போட்டால் என்ன என்று படம் இருந்தது. ட்வீசரால் பிடுங்கி மாற்றிப் போட்டேன். சில டிஸ்குகளில் தனியாக ஓடும்போது ஜம்பரே இருக்கக் கூடாது என்றும் போட்டிருப்பார்கள். லேபிளைப் படித்துவிட்டே கை வையுங்கள்.

இரண்டாம் தடவை, முதலில் பவர் கொடுத்தேன். டிஸ்க் முழு வேகம் பிடித்துச் சத்தம் ஒரே சீராக ஆகும்வரை பொறுத்திருந்து, பிறகு யுஎஸ்பியைச் சொருகினேன். உடனே வந்தது. கூடவே அந்தப் பெட்டியும் வந்தது: "இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?"

நண்பர்களே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அங்கே 'ஆம்' அழுத்தாதீர்கள். கம்ப்யூட்டருக்கு அந்த டிஸ்கின் தொடக்கம் புரியவில்லை என்பதற்கு மேல் அந்தக் கேள்விக்கு அர்த்தம் கிடையாது. உள்ளே ஒன்றுமில்லை என்று அது சொல்லவில்லை. ஐயா தன் வீட்டில் யாரையாவது விட்டு மாட்டச் சொல்லியிருந்தால், நல்லெண்ணத்தில் ஒருவர் 'ஆம்' அழுத்தியிருப்பார். நினைத்தாலே பதறுகிறது.

ரத்து செய்துவிட்டுக் கழற்றினேன். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, டிஸ்க் தானாக மவுண்ட் ஆகாதபடி (கம்ப்யூட்டர் அதைத் தானே திறந்துவிடாதபடி) வைத்துக்கொண்டு, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக, இமேஜாக, எடுத்தேன். இது முதலில் எளிதாகப் படிக்க முடிகிற இடங்களை எல்லாம் வாரி எடுத்துக்கொண்டு, தகராறு செய்யும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதை எடுத்தது, எது பாக்கி என்று ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல பகுதிகள் அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டன. மிச்சம் சில செக்டர்களுக்காக (டிஸ்கின் மிகச் சிறிய துண்டுகள்) ராத்திரி முழுக்க ஓடியது. விடிந்து பார்த்தால் படிக்கவே முடியாமல் போனவை விரல் விட்டு எண்ணக்கூடிய செக்டர்கள்தான். ஆனால் பார்ட்டிஷனின், அதாவது கோப்புகள் இருக்கும் பிரிவின், முதல் செக்டரே அதில் ஒன்று. 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டதன் காரணம் அதுதான்.

ஐயாவின் டிஸ்க் ஃபேட்32, கோப்புகளை அடுக்கும் ஒரு பழைய முறை. அதில் பார்ட்டிஷனின் அந்த முதல் செக்டருக்கு (பூட் செக்டர்) ஒரு மாற்றுப் பிரதி, வழக்கமாக பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 6 என்று வரும் செக்டரில், இருக்கும். இமேஜுக்கே இன்னொரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் டெஸ்ட்டிஸ்க் மென்பொருளை வைத்து மாற்றுப் பிரதியை முதல் இடத்தில் எழுதினேன். ஃபோல்டர்கள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. தறி, வலை, சக்கரம், உலை. கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பைத் திறந்தால் அடுத்த சிக்கல். 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள். பாமினி எழுத்துருவில் தட்டியவர்களுக்கு இது பார்த்தவுடன் தெரிந்துவிடும். யூனிகோட் பரவுவதற்கு முந்தைய பழக்கம் அது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. ஆனால் மொத்தமாக அள்ளிப் போட்டு மாற்றினால், நடுவில் உண்மையாகவே ஆங்கில எழுத்தில் இருந்த தாவரவியல் பெயர்களும் உளறலாகிவிடுகின்றன. பழைய டாக் (வேர்டு) கோப்பில் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற தகவல் இருக்கிறது. நோட்பேடில் ஒட்டினால் அது போய்விடும். அதனால் லிப்ரெஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளிலேயே வைத்து, பாமினியில் உள்ளதை மட்டும் பிரித்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஃபோல்டர் முடிந்திருக்கிறது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

அக்கா, எனக்கு லேப்டாப் டிஸ்க். இரண்டரை அங்குல ஐடிஇ. அதில் 44 பின், டேட்டாவும் பவரும் ஒரே வரிசையில். ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் நாலு பின் தனியாக நிற்கும், அது ஜம்பருக்கு. நான் அதையும் சேர்த்து எண்ணி, கனெக்டரை ஒரு ஜோடி தள்ளிச் சொருகப் பார்த்தேன். கடைசி நேரத்தில் ஏதோ சரியாக உட்காரவில்லை என்று தோன்றி எடுத்துவிட்டேன். 41, 42 இரண்டிலும்தான் 5 வோல்ட் வருகிறது என்று பிறகுதான் படித்தேன். தள்ளி மாட்டிப் பவர் கொடுத்திருந்தால் டிஸ்கின் போர்டு போயிருக்கும். அந்த அவசரத்தில் ஒரு பின் வளைந்தும்போனது. உள்ளே லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் நுனியை அந்தப் பின்மேல் தொப்பி மாதிரி மாட்டி, மெதுவாக நிமிர்த்தினேன். ஒரே தடவைதான் நிமிர்த்த முடியும் என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள், உலோகம் சீக்கிரம் முறிந்துவிடும்.

அப்புறம் சரியாக மாட்டியும் டிக், டிக் என்று சத்தம் போட்டு நின்று நின்று போனது. டிஸ்க் போய்விட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அதில்தான் தங்கையின் கல்யாணப் படங்கள் எல்லாம் இருந்தன, அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து லேபிளைப் பார்த்தேன்: 5 வோல்ட், 1 ஆம்பியர். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். சுழல ஆரம்பிக்கும்போது போதாமல் திரும்பத் திரும்ப விழுந்து எழுந்திருக்கிறது. தனிப் பவர் உள்ள ஹப்பில் மாட்டியதும் சத்தமே இல்லாமல் ஓடியது. சத்தம் கேட்டவுடன் நம்பிக்கையை விடாதீர்கள், முதலில் பவரைப் பாருங்கள்.

*

நான் ஃபிளாப்பிக்காரன். அறுபதுக்கும் மேல் மூன்றரை அங்குல டிஸ்குகளைப் படித்து முடித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 1.44 எம்பி, 80 ட்ராக், இரண்டு பக்கம், ட்ராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் இன்றும் கிடைக்கிறது, மாட்டியவுடன் வேலை செய்கிறது.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஒரு கட்டு டிஸ்குகளை எடுத்தவுடன் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன். நாலாவது டிஸ்கில் கரகரவென்று சத்தம். எடுத்து, மேலே இருக்கும் உலோக மூடியைத் தள்ளி, சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தால், பழுப்புப் பரப்பில் பனி படர்ந்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். பூஞ்சை. அது டிரைவில் டிஸ்கைப் படிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டது. அது தெரியாமல் ஐந்தாவதைப் போட்டேன். அதுவரை நன்றாக இருந்த அந்த டிஸ்கில் வட்டமாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. அதில் இருந்தது திரும்பவில்லை. என் அண்ணன் எழுதிய நாடகம் ஒன்று. அன்றிலிருந்து எந்த டிஸ்கையும் மூடியைத் தள்ளிப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. தலையைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, டிஸ்கில் தவறி எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் துளை. மூன்றரை அங்குலத்தில் துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு. ஐந்தேகால் அங்குலத்தில் நேர்மாறு, ஓரத்தில் இருக்கும் வெட்டை மூடினால்தான் பாதுகாப்பு. படிக்கும் முன் இதை ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

ஐந்தேகால் அங்குலத்துக்கு யுஎஸ்பி டிரைவ் தேட வேண்டாம். பழைய 34 பின் டிரைவை கிரீஸ்வீசில் என்ற சின்னப் போர்டு வழியாக யுஎஸ்பியில் இணைக்கலாம். அது கோப்பைத் தேடாது, டிஸ்கின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும். அமிகா என்ற பழைய கம்ப்யூட்டர் மாதிரி வேறு முறையில் எழுதப்பட்ட டிஸ்குகளையும் அதனால்தான் அதில் எடுக்க முடிகிறது. சாதாரண யுஎஸ்பி டிரைவ் அவற்றைக் காலி என்றே சொல்லும்.

*

என்னுடையது இதையெல்லாம்விடப் பழையது. 170 எம்பி ஐடிஇ டிஸ்க். ஆமாம், எம்பிதான். யுஎஸ்பி அடாப்டரில் விளக்கு எரிந்தது, டிஸ்க் சுழன்றது, அளவு பூஜ்யம் என்று காட்டியது. மூன்று அடாப்டர் மாற்றினேன், மூன்றிலும் அதே கதை.

காரணம் புரிய நாளாயிற்று. இந்த அடாப்டர்கள் செக்டரை ஒரே வரிசை எண் சொல்லிக் கேட்கின்றன. என் டிஸ்குக்குத் தெரிந்தது சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண் முகவரி மட்டும். ஒன்று வீட்டு எண்ணை மட்டும் சொல்கிறது, மற்றது தெரு, வரிசை, வாசல் என்று சொன்னால்தான் கதவைத் திறக்கும். அந்தக் காலப் பயாஸும் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) ஐடிஇயும் சேர்ந்து அனுமதித்த உச்சம் 1024, 16, 63. ஒரு செக்டர் 512 பைட் என்று வைத்துப் பெருக்கினால் 528 எம்பி; பழைய கம்ப்யூட்டர்கள் அந்த எல்லையில் முட்டி நின்றதும் இதனால்தான்.

வழி ஒன்றே: மதர்போர்டிலேயே ஐடிஇ சாக்கெட் உள்ள பழைய கம்ப்யூட்டர். தெரிந்தவர் ஒருவர் பரணிலிருந்து இறக்கித் தந்தார். டிஸ்க் லேபிளில் இருந்த மூன்று எண்களையும் பயாஸில் கையால் தட்டினேன். சிறிய லினக்ஸ் ஒன்றில் பூட் செய்து, இமேஜ் எடுத்து, நெட்வொர்க் கேபிள் வழியாக என் லேப்டாப்புக்கு அனுப்பினேன். சில நிமிட வேலை. அதற்கு முன்னால் போனது நாலு மாதம். பழைய மதர்போர்டு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

*

எக்ஸ்டர்னல் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. பெட்டியின் யுஎஸ்பி சாக்கெட் உடைந்துவிட்டது, உள்ளே இருப்பது சாதாரண சாட்டா டிஸ்க்தானே என்று கழற்றி நேராக மாட்டினேன். முழுக்கக் குப்பை. சில பெட்டிகளில் பாஸ்வேர்டு எதுவும் வைக்காவிட்டாலும் உள்ளிருக்கும் போர்டு எல்லாவற்றையும் சங்கேதமாக்கித்தான் எழுதுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் அந்தப் பச்சைப் போர்டைப் பத்திரமாக வையுங்கள். நான் உடைந்த சாக்கெட்டை மட்டும் புதிதாகப் பற்றவைத்து வாங்கினேன், எல்லாம் திரும்பி வந்தது.

*

அக்கா, ஒரு சந்தேகம். என் பழைய என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் முறை) டிஸ்க் நன்றாகத் திறக்கிறது. ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி இல்லை, 'தொடரவும்' அழுத்தினால் கிடைக்கும் என்கிறது. அழுத்தலாமா?

*

தம்பி, இப்போதைக்கு வேண்டாம். அதை அழுத்தினால் அந்த ஃபோல்டரின் உரிமை விவரத்தை விண்டோஸ் உங்கள் பழைய டிஸ்கிலேயே மாற்றி எழுதும். ஆரோக்கியமான டிஸ்கில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் உங்களுடையது எந்த நிலையில் இருக்கிறது என்று இன்னும் தெரியாது. முதலில் இமேஜ் எடுங்கள். அந்த இமேஜை லினக்ஸில் 'படிக்க மட்டும்' என்று மவுண்ட் செய்தால் பெரும்பாலும் அனுமதிக் கேள்வியே வராமல் காப்பி ஆகிவிடும். ஒரு விதிவிலக்கு: அந்த ஃபோல்டர் விண்டோஸிலேயே சங்கேதம் போடப்பட்டிருந்தால், கோப்புப் பெயர்கள் தெரியும், உள்ளடக்கம் தெரியாது. அதற்குப் பழைய பயனர் கணக்கின் சான்றிதழ் வேண்டும்.

ஃபிளாப்பி அண்ணனுக்கு: நீங்கள் எழுதியதை ஐயாவிடம் படித்துக் காட்டினேன். தன்னிடமும் ஒரு பெட்டி ஃபிளாப்பி இருப்பதாக அப்போதுதான் சொன்னார். மீனவர்களிடம் கேட்டு எழுதிய காற்றுப் பெயர்கள் முதலில் அதில்தான் இருந்தனவாம், டிஸ்கில் இருப்பது பாதிதானாம். பெட்டி இப்போது என் மேஜையில் இருக்கிறது. மூடியைத் தள்ளி ஒன்பது பார்த்துவிட்டேன், ஏழு சுத்தமாக இருக்கின்றன. மற்ற இரண்டிலும் வெள்ளைத் திட்டு. அவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். எப்படித் துடைப்பது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் தொடுவேன்.